அறிவியல், தொழில்நுட்பத்தில் பெண் முன்மாதிரிகள்: கியூரியைத் தாண்டி யாரைச் சொல்லலாம்?

#1 கரும்பலகை

மாணவிகளுக்காக ஒரு சின்னக் கண்காட்சி வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பிப்ரவரி 11ஆம் தேதிக்காக. அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான நாள் என்று ஐ.நா. 2015இல் அறிவித்த நாள் அது. பன்னிரண்டு சுவரொட்டிகளுக்கு இடம் இருக்கிறது. மேரி கியூரி, ஏடா லவ்லேஸ், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், கேத்தரின் ஜான்சன் என்று வழக்கமான பட்டியலில் ஆரம்பித்து, வரைவை ஒரு மாணவியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "எல்லாருமே பெரிய ஜீனியஸ், சரி. எனக்குக் கால்குலஸே தகராறு. இதைப் பார்த்து நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதனால்தான் இங்கே வந்தேன். வெறும் பெயரை எழுதிவிட்டுப் போகாதீர்கள். அவர் என்ன வேலை பார்த்தார், அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது, அதைச் சொல்லுங்கள்.

#2 நள்ளிரவு நிரலி

மார்கரெட் ஹாமில்டன். படத்தைப் பார்த்திருப்பீர்கள், தன் உயரத்துக்கு அடுக்கிய அச்சுத்தாள்களுக்குப் பக்கத்தில் சிரித்தபடி நிற்பார். அப்பல்லோ விண்கலங்களின் பயண மென்பொருள் அது. படத்தைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று.

வேலை நேரத்தில் மகள் லாரனையும் சில சமயம் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போவார். அங்கே சிமுலேட்டரில் குழந்தை விசைகளைத் தட்டி விளையாடியபோது எல்லாம் முடங்கிப்போனது. ஏவுவதற்கு முன்பு மட்டும் ஓட வேண்டிய பி01 என்ற நிரல், கலம் பறந்துகொண்டிருக்கும் நிலையில் ஓடத் தொடங்கிவிட்டது. விண்வெளி வீரர் ஒருவர் இதையே செய்தால் என்ன ஆகும் என்று ஹாமில்டன் யோசித்தார். தடுப்பதற்குச் சில வரிகள் சேர்க்கலாம் என்றார். மேலே ஒத்துக்கொள்ளவில்லை. வீரர்கள் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று பதில் வந்தது. சரி என்று ஆவணத்தில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பை மட்டும் எழுதிவைத்தார். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 நிலவிலிருந்து திரும்பும் வழியில் ஜிம் லவல் அதே பி01ஐத் தெரியாமல் தட்டிவிட்டார். வழிகாட்டும் தரவு போய்விட்டது. தரையிலிருந்து மறுபடி அனுப்பித்தான் சரிசெய்தார்கள். அதற்கு அப்புறம் அந்த வரிகளைச் சேர்க்க யாரும் குறுக்கே நிற்கவில்லை.

நான் மென்பொருள் சோதனையில் இருக்கிறேன். "பயனர் அப்படிச் செய்ய மாட்டார்" என்ற வாக்கியத்தை இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நிலவுக்கு மனிதனை அனுப்பியவர் என்று போட்டால் அவர் எங்கேயோ உயரத்தில் இருப்பார். இந்தக் கதையைப் போட்டால் என் பக்கத்து மேசையில் இருப்பார்.

#3 மூன்றாம் பெஞ்ச்

கிரேஸ் ஹாப்பரை விட்டுவிடாதீர்கள். நிரல் பிழையை 'பக்' (பூச்சி) என்கிறோமே, கம்ப்யூட்டருக்குள் செத்துக் கிடந்த நிஜ விட்டில்பூச்சியைக் கண்டுபிடித்தவர்! அப்புறம் ஹெடி லமார், நடிகையாக இருந்துகொண்டே வைஃபை கண்டுபிடித்தவர். இந்த இரண்டையும் போடுங்கள், கூட்டம் அள்ளும்.

#4 அரைக்கடத்தி

மூன்றாம் பெஞ்ச், கூட்டம் அள்ளும், அப்புறம் ஒரு மாணவி கைபேசியை எடுத்துத் தேடுவாள். மொத்தக் கண்காட்சியின் மானமும் போய்விடும்.

1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் பூச்சி கிடைத்தது உண்மை. அதைப் பதிவேட்டில் ஒட்டிவைத்ததும் உண்மை. ஆனால் அதைப் பிடித்தது ஹாப்பர் அல்ல, கணினியை இயக்கியவர்கள். ஹாப்பர் அந்தக் கதையை ஊரெல்லாம் சுவையாகச் சொல்லிப் பரப்பியவர். அவர் செய்த வேலைக்குப் பூச்சி தேவையே இல்லை. எண்களாலும் குறியீடுகளாலும் மட்டுமே கணினியிடம் பேச முடியும் என்றிருந்த காலத்தில், 1952இல் ஏ-0 என்ற தொகுப்பியை (நாம் எழுதுவதைக் கணினியின் குறியீடாக மாற்றித்தரும் நிரல்) எழுதினார். கணினி கணக்கு மட்டும்தான் போடும், நிரல் எழுதாது என்று சொல்லி ஆரம்பத்தில் யாரும் அதைச் சீந்தவில்லை. வணிகத் துறையினர் ஆங்கிலச் சொற்களிலேயே நிரல் எழுத ஃப்ளோ-மேட்டிக் கொண்டுவந்தார். 1959இல் ஒரு குழுவாக உருவாக்கிய கோபால் (COBOL) என்ற நிரல் மொழிக்கு அதுதான் அடித்தளம். ஒரு நானோ நொடியில் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) மின் சமிக்ஞை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட, ஏறக்குறைய 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டுகளை வெட்டி எடுத்துப்போய்க் கூட்டங்களில் கொடுப்பார். சுவரொட்டியில் அதே நீளத்துக்கு ஒரு கம்பியை ஒட்டுங்கள், போதும்.

லமார் வைஃபை கண்டுபிடிக்கவில்லை. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலோடு சேர்ந்து 1942இல் காப்புரிமை பெற்றார். வானொலியால் வழிநடத்தும் டார்பிடோவை எதிரி குழப்ப முடியாதபடி அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகும் முறை அது. பியானோவின் 88 கட்டைகள்போல 88 அலைவரிசைகள். கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. அலைவரிசைத் தாவல் என்ற உத்தி புளூடூத்தில் இன்று இருக்கிறது. இதுவே போதுமான அழகு. ஊதிப் பெரிதாக்க வேண்டாம்.

அப்பல்லோ 11 பற்றியும் ஒரு வார்த்தை. நிலவில் இறங்கும் நேரத்தில், வேலைச்சுமை தாங்கவில்லை என்று கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியபோதும் கணினி நிலைகுலையாமல் இருந்ததற்குக் காரணம், முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு முக்கியமானதை மட்டும் ஓட்டும் அமைப்பு. அதன் அடிப்படை ஹால் லேனிங் வடிவமைத்தது. ஹாமில்டன் ஒரு பெரிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். "ஒற்றை ஆளாக எழுதினார்" என்று போட்டுவிடாதீர்கள்.

#5 விண்மீன் தூசி

வானியலுக்கு வாங்க. இங்கே தட்டுப்பாடே இல்லை.

ஹென்ரியெட்டா லெவிட் ஹார்வர்டு வான்காணகத்தில் கண்ணாடித் தகடுகளைப் பார்த்து விண்மீன்களின் ஒளியை அளக்கும் வேலையில் இருந்தார். 1912இல் சிறிய மெகல்லன் முகிலில் உள்ள 25 மாறும் விண்மீன்களை வைத்து ஒரு தொடர்பைக் காட்டினார்: துடிப்புக் காலம் நீண்டால் விண்மீனின் உண்மை ஒளி அதிகம். அந்த அளவுகோல் இல்லாமல் ஆண்ட்ரமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று ஹபிளால் நிறுவியிருக்க முடியாது.

சிசிலியா பெய்ன் 1925இல் தன் ஆய்வேட்டில், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கணக்கிட்டார். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸல் இது நடக்காத காரியம் என்றதால், அந்த முடிவு அநேகமாக உண்மையில்லை என்று ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. 1929இல் ரஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் எனக்கு ஒருவரைத்தான் போட இடம் என்றால் ஜோசலின் பெல் பர்னெல். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. கம்பங்களை நட்டு, கம்பிகளை இழுத்து, வானொலித் தொலைநோக்கியை மற்றவர்களோடு சேர்ந்து கட்டியவரே அவர்தான். 1967இல் அது ஓடத் தொடங்கியதும் வரைபடத் தாள் நாளொன்றுக்கு 30 மீட்டர் அளவுக்கு வந்துகொண்டே இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. அத்தனை நீளத்தில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல். குறுக்கீடும் இல்லை, வழக்கமான விண்மீன் மினுக்கமும் இல்லை. முன்பு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பழைய தாள்களைப் புரட்டினார். வானத்தின் அதே பகுதியிலிருந்து முன்பும் வந்திருந்தது. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது 1.3 நொடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் தோற்றுவிடும் ஒழுங்கில். அதுதான் முதல் பல்சார், சுழன்றபடி துடிப்புகளை அனுப்பும் விண்மீன்.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் பார்த்தார் தெரியுமா? அந்த இடத்துக்குத் தான் தகுதியில்லை, எப்படியும் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுவரைக்கும் குறை வைக்காமல் உழைப்போம் என்று பயந்ததாகப் பிற்பாடு அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கால்குலஸ் தகராறு என்று சொன்ன பெண்ணுக்கு இதைக் காட்டுங்கள்.

#6 கரும்பலகை

விண்மீன் தூசி, அருமை. பெல்லுக்கு நிச்சயம் இடம் உண்டு. ஆனால் ஒரு சிக்கல். 1974 நோபல் அவருடைய ஆசிரியர் ஹ்யூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. லீஸ் மைட்னர் அணுப்பிளவை விளக்கினார், 1944ஆம் ஆண்டு வேதியியல் நோபல் ஆட்டோ ஹானுக்கு மட்டும். ஃபிராங்க்ளின் கதை தெரிந்ததே. வரிசையாக இவற்றை எழுதிப் படித்துப் பார்த்தேன். ஏதோ இரங்கல் கூட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. "நீ என்ன செய்தாலும் கடைசியில் இன்னொருத்தன் எடுத்துக்கொண்டு போவான்" என்றுதானே அந்தப் பெண் புரிந்துகொள்வாள்?

#7 சோதனைக்குழாய்

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். ஃபிராங்க்ளினைப் பரிசு பறிபோனவர் என்ற ஒரே சட்டகத்தில் மாட்டிவைத்திருப்பது எனக்கு எரிச்சலான விஷயம். படம் 51 என்பது 1952இல் அவருடைய மேற்பார்வையில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்தது, டிஎன்ஏவின் கட்டமைப்பைக் காட்டும் அந்த எக்ஸ் கதிர்ப் படம் அவருக்குத் தெரியாமலேயே போட்டியாளர் வாட்சன் கண்ணுக்குப் போனது, இதெல்லாம் சொல்லத்தான் வேண்டும். அதோடு நின்றுவிடுகிறார்களே! டிஎன்ஏவுக்கு முன்பே நிலக்கரியின் நுண்துளைகளைப் பற்றி ஆராய்ந்து பெயர் வாங்கியவர். பிறகு புகையிலை மொசைக் வைரஸின் கட்டமைப்பில் முன்னணியில் இருந்தவர். 1958இல் 37 வயதில் இறக்கும்வரை வேலை செய்தார். அவரோடு சேர்ந்து வைரஸ்களில் பணியாற்றிய ஆரன் க்ளூக் 1982இல் நோபல் பெற்றார். டிஎன்ஏ கட்டமைப்புக்காக வாட்சன் உள்ளிட்டோருக்குக் கிடைத்த 1962 பரிசின்போது ஃபிராங்க்ளின் உயிரோடு இல்லை, இறந்தவருக்கு நோபல் கிடையாது. இந்த ஒரு வரியைக்கூடப் பல சுவரொட்டிகள் சொல்வதில்லை.

ஏமாற்றப்பட்டவர் என்ற கதை எளிதில் பரவும். அதில் அவருடைய கை எங்கே இருக்கிறது? எக்ஸ் கதிர்க் கருவிக்குள் டிஎன்ஏ இழையின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி இரண்டு வடிவங்களைப் பிரித்துக் காட்டினாரே, அதை வரைந்து காட்டுங்கள்.

என் தேர்வு கேட்டலின் கரிக்கோ. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் எம்ஆர்என்ஏ மூலக்கூறை மருந்தாக்கலாம் என்று நம்பி அவர் நிதி கேட்ட விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. 1995இல் பதவியிறக்கமும் வந்தது. போகவில்லை. நகலெடுக்கும் கருவிக்குப் பக்கத்தில் அறிமுகமான ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து, வெளியிலிருந்து செலுத்தும் எம்ஆர்என்ஏவைக் கண்டதும் உடலின் நோயெதிர்ப்பு ஏன் கொதிக்கிறது என்று தேடினார். எம்ஆர்என்ஏவின் ஓர் அலகான யூரிடினுக்குப் பதில் அதன் மாற்று வடிவமான சூடோயூரிடினை வைத்தால் அந்தக் கொதிப்பு அடங்குகிறது. 2005இல் வெளியிட்டபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோவிட்டுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் அதன்மேல்தான் எழுந்தன, 2023இல் நோபல். (மகள் சூசன் படகோட்டத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம். வீட்டில் யாருக்குமே விட்டுக்கொடுக்கத் தெரியாதுபோல.)

#8 சும்மா ஒரு கேள்வி

கோபிக்காதீர்கள். விஞ்ஞானி விஞ்ஞானிதானே, பெண் என்று தனியாகப் பிரித்து வைப்பதே அவமானம் இல்லையா? நல்ல வேலை தானாகத் தெரியவரும்.

#9 அரைக்கடத்தி

தானாக எதுவும் தெரியவராது. டோனா ஸ்டிரிக்லண்ட் 2018இல் இயற்பியல் நோபல் பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால், அவரைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கு வந்த வரைவுக் கட்டுரை போதிய முக்கியத்துவம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் அவருடைய முறை வெளிவந்தது 1985இல்! கண் அறுவை சிகிச்சை வரைக்கும் வந்த நுட்பம். 1901 முதல் இன்றுவரை இயற்பியல் நோபல் பெற்ற பெண்கள் ஐந்தே பேர்: கியூரி 1903, மரியா கெப்பர்ட் மேயர் 1963, ஸ்டிரிக்லண்ட் 2018, ஆண்ட்ரியா கெஸ் 2020, ஆன் லூலியே 2023. முதல் இரண்டுக்கும் நடுவில் 60 ஆண்டு இடைவெளி.

#10 கரும்பலகை

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விஞ்ஞானியை வரையச் சொல்லிக் குழந்தைகளிடம் தாளைக் கொடுக்கும் பழைய ஆய்வு ஒன்று. 1983இல் டேவிட் சேம்பர்ஸ் வெளியிட்டது. 4,807 குழந்தைகளின் படங்களில் பெண் விஞ்ஞானி 28 படங்களில் மட்டும். அந்த 28ஐயும் வரைந்தது பெண் குழந்தைகள். 2018இல் பல பத்தாண்டுகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பிற்கால ஆய்வுகளில் பத்தில் ஏறக்குறைய மூன்று குழந்தைகள் பெண்ணை வரைந்திருந்தார்கள். எனவே கண்ணில் படுவது மாறினால் கையில் வருவதும் மாறுகிறது. கேட்டவருக்கு இதுதான் என் பதில்.

#11 நள்ளிரவு நிரலி

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு நல்ல சல்லடை உண்டு. அறிவியல் எழுத்தாளர் ஆன் ஃபின்க்பைனர் 2013இல் ஒரு பெண் வானியலாளரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அவர் பெண் என்பதையே குறிப்பிடப்போவதில்லை என்று முடிவெடுத்தார். அதிலிருந்து ஒரு சோதனையே பிறந்தது. கணவர் என்ன வேலை, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், முதல் பெண் என்ற பட்டம், எதையும் எழுதக்கூடாது. "மற்ற பெண்களுக்கு முன்மாதிரி" என்பதும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது! நம் இழைத் தலைப்பே தோற்றுவிடும்.

இப்படி ஒரு சோதனை ஏன் அவசியம் என்று பாருங்கள். அதே 2013இல் ராக்கெட் பொறியாளர் இவோன் பிரில் என்ற பெண்மணி இறந்தபோது, ஒரு பெரிய நாளிதழின் இரங்கல் குறிப்பு அவர் சமையலைப் புகழ்ந்துதான் தொடங்கியது. செயற்கைக்கோள்கள் தங்கள் பாதையில் நிலைத்திருக்க உதவும் உந்துபொறியை உருவாக்கியவர் அவர். எதிர்ப்பு கிளம்பியதும் முதல் வரியை மாற்றினார்கள்.

#12 இரண்டாம் ஷிஃப்ட்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இங்கே குறுக்கிடுகிறேன். எனக்கு இரண்டு குழந்தைகள், ஆய்வகத்தில் வேலை. குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது எனக்கு வம்பு இல்லை, தகவல். டோரதி ஹாட்ஜ்கின் மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே பெனிசிலின், பி12 இவற்றின் கட்டமைப்பைக் கண்டறிந்து 1964இல் நோபல் பெற்றார், மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு. எப்படி என்று தெரியாமல் அதை வாசித்தால் எனக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சுகிறது.

கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டைப் பாருங்கள். பழ ஈயின் கரு எப்படி உருவெடுக்கிறது என்பதற்காக 1995இல் நோபல் பெற்றவர். 2004இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை உள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு அது பணம் கொடுக்கிறது. ஆராய்ச்சிக்கு இல்லை. வீட்டு வேலைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆள் வைத்துக்கொள்ள. மணி நேரம்தான் பற்றாக்குறை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. இதை எந்தச் சோதனை தடை செய்தாலும் சுவரொட்டியில் போடுங்கள்.

#13 நள்ளிரவு நிரலி

ஒத்துக்கொள்கிறேன், அந்த அறக்கட்டளை பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்படியானால் ஆண் விஞ்ஞானிகளிடமும் இதே கேள்வியைக் கேட்டு எழுதட்டும்.

#14 மரபணுத் தோட்டம்

இந்தியாவிலிருந்து யாரும் வரவில்லையே? ஜானகி அம்மாள், 1897இல் பிறந்தவர். 1931இல் மிச்சிகனில் முனைவர் பட்டம். கரும்பைப் பிற புல்லினங்களோடு கலப்பினம் செய்து குரோமோசோம்களை எண்ணினார். சி. டி. டார்லிங்டனோடு எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை 1945இல் வந்தது. முதுமையிலும் சும்மா இருக்கவில்லை, அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்தார்.

அன்னா மாணி இன்னும் பொருத்தம். சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளி நிறமாலையை ஆராய்ந்தார். நிறமாலையைப் பதிய ஒளிப்படத் தகடுகளுக்கு 15, 20 மணி நேரம்கூட ஒளிபட வேண்டியிருக்கும், ராத்திரியும் ஆய்வகத்தில்தான். ஆய்வேடு எழுதியும் முதுகலைப் பட்டம் இல்லை என்று முனைவர் பட்டம் கொடுக்கவில்லை. 1945இல் இயற்பியல் படிக்க லண்டன் போனால், கிடைத்தது வானிலைக் கருவிகளுக்கான உதவித்தொகை. அதையே பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து வானிலைத் துறையில் ஏறக்குறைய 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி உள்நாட்டிலேயே செய்ய வைத்தார், பிறகு ஓசோனை அளக்கும் கருவியும். தவறான அளவீடு அளக்காததைவிட மோசம் என்பது அவர் கட்சி. விரும்பிய பாடம் கிடைக்காத எந்த மாணவிக்கும் இந்தக் கதை வேலைக்கு ஆகும்.

#15 மூன்றாம் பெஞ்ச்

அரைக்கடத்தி திட்டியதிலிருந்து உட்கார்ந்து படித்தேன். ஒன்று சொல்லட்டுமா? நான் கணினி அறிவியல் எடுத்ததற்குக் காரணம் நோபலும் இல்லை, நிலவும் இல்லை. எங்கள் அக்காவோடு படித்த ஒருத்தர். முதல் பருவத்தில் இரண்டு தாளில் தோற்று, மறுபடி எழுதித் தேறி, இப்போது தரவுத்தள வேலையில் இருக்கிறார். அவர் நிரல் ஓடாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவராலேயே முடியும்போது நமக்கென்ன என்றுதான் தோன்றியது. அவருக்கு யார் சுவரொட்டி அடிப்பார்கள்?

#16 சோதனைக்குழாய்

நீ சொல்வதற்கு ஆய்வே இருக்கிறது, தம்பி. லாக்வுட், குண்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்டது. படிப்பை முடிக்கப்போகும் நட்சத்திர மாணவர் ஒருவரைப் பற்றிக் கல்லூரி மாணவர்களைப் படிக்க வைத்தார்கள். முதலாண்டு மாணவர்கள் ஊக்கம் பெற்றார்கள், நமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று. கடைசி ஆண்டில் இருந்தவர்களுக்கு அந்த ஊக்கம் வரவில்லை, அவர்களுக்குத்தான் நேரம் முடிந்துவிட்டதே. தன்னால் எட்ட முடியும் என்று தோன்றும் உயரமே இழுக்கிறது.

அதற்காகப் பெரியவர்களைக் கழற்றிவிடவும் வேண்டாம். மரியம் மிர்ஸாகானி 2014இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர், அதைப் பெற்ற முதல் பெண். தன்னை மெதுவாக யோசிக்கும் ஆள் என்றே சொல்லிக்கொள்வார். தரையில் பெரிய தாளை விரித்து அதே வடிவங்களைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார். அம்மா ஓவியம் வரைகிறாள் என்று மகள் நினைத்துக்கொள்வாள்.

#17 கரும்பலகை

முடிவு எடுத்துவிட்டேன். பன்னிரண்டில் எட்டு சுவரொட்டிகளில் நீங்கள் சொன்னவர்கள்: ஹாமில்டன், ஹாப்பர், லெவிட், பெல், கரிக்கோ, அன்னா மாணி, நூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், மிர்ஸாகானி. ஒவ்வொன்றிலும் முகப்படம் சின்னதாக, அவர் பார்த்த பொருள் பெரிதாக: பெல்லுக்கு வரைபடத் தாள், ஹாப்பருக்கு கம்பி. மூன்று இடங்கள் படிப்பை முடித்து வேலையில் இருக்கும் முன்னாள் மாணவிகளுக்கு. அவர்கள் சம்மதித்தால், தோற்ற தாள்களையும் சேர்த்து. பிறந்த தேதி, விருதுப் பட்டியல் கிடையாது. கியூரியை விட்டதற்கு யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இன்னும் ஒரு இடம் காலி.

#18 அரைக்கடத்தி

ராடியா பெர்ல்மன். வலையமைப்பில் தரவு சுற்றிச் சுற்றி வந்து மூச்சு முட்டாமல் இருக்க, இணைப்புகளிலிருந்து ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறை அவருடையது. 1985 ஆய்வுக் கட்டுரையில் அதை விளக்கும் கவிதையையும் சேர்த்துவிட்டார். இணையத்தின் தாய் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, அதை மட்டும் போடாதீர்கள்.

#19 நள்ளிரவு நிரலி

என் ஓட்டு பார்பரா லிஸ்கோவுக்கு. தரவை அதன்மேல் செய்யக்கூடிய செயல்களோடு சேர்த்து மூடிவைக்கும் முறையை சிஎல்யூ மொழியில் கொண்டுவந்தவர். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது, 2008ஆம் ஆண்டுக்கானது, அவருக்குக் கிடைத்தது. அறிவிப்பு வந்தபோது இணையத்தில் யாரோ, "இவருக்கு எதற்கு விருது? இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று எழுதியிருந்ததை அவருடைய கணவர் பார்த்துச் சொன்னாராம். அந்தக் கருத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கீழே அவர் பெயரைப் போடுங்கள்.

#20 கரும்பலகை

லிஸ்கோவ்தான். வரைவு தயாரானதும் இங்கேயே போடுகிறேன். அரைக்கடத்தி, அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்க முடியுமா?